அலுமினியக் காடிச் சட்டம்: ஒரு வெற்றிடக் கலத்துக்குத் தாங்கி செய்து பார்த்தபின்

நாற்பதுக்கு நாற்பது (மில்லிமீட்டர்) என்று கடைக்காரர்கள் சுருக்கமாகச் சொல்லும் அலுமினிய புரொபைலை வாங்கி, ஆய்வகக் கருவி ஒன்றுக்குத் தாங்குசட்டம் செய்து, அது ஓராண்டுக்கு மேல் உழைப்பதைப் பார்த்த பிறகு இந்த மதிப்புரையை எழுதுகிறேன். நான்கு பக்கங்களிலும் நீளவாக்கில் காடி எனப்படும் பள்ளம் ஓடும் சதுரச் சட்டம் அது. காடிக்குள் நட்டைச் செருகி, மூலைத் துண்டை வைத்து, போல்ட்டை முறுக்கினால் வெல்டிங் இல்லாமலே எந்த வடிவத்தையும் கட்டிவிடலாம் என்கிறது விளம்பரம். அதில் பொய் ஏதும் இல்லை. ஆனால் கட்டி முடித்த சட்டம் ஆடாமல் நிற்குமா என்பதைப் பற்றி விளம்பரம் வாய் திறப்பதில்லை. அதற்கு விடை காண்பதற்குள் என் பயிற்சிக் காலத்தில் பெரும்பகுதி கரைந்துவிட்டது.

அப்போது நான் இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன்; சென்னையில் ஓர் இயற்பியல் ஆய்வகத்தில் எட்டு வாரப் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தேன். கண்ணாடித் தகடுகளின் மேல் மெல்லிய உலோகப் படலம் பூசும் வெற்றிடக் கலம் ஒன்று அங்கே துளையிட்ட இரும்பு ஆங்கிளால் ஆன பழைய அலமாரியின் மேல் உட்கார்ந்திருந்தது. துருப்பிடிக்காத எஃகால் ஆன அந்தக் கலத்தின் எடை 62 கிலோ. மின்வழங்கிகள் பக்கத்து மேசையிலும், கலத்திலிருந்து காற்றை உறிஞ்சும் சுழல் பம்பு ஒரு மரப்பலகையின் மேலும் கிடந்தன. அவற்றை இணைக்கும் குழாய்களும் கம்பிகளும் நடப்பவர் காலில் தட்டும்படி தரையில் ஓடின. எல்லாவற்றையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும், கலம் 900 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும், முன்பக்கம் கை நுழையத் திறந்திருக்க வேண்டும், அடுத்த ஆண்டு ஆய்வகம் வேறு அறைக்கு மாறும்போது பிரித்து எடுத்துச் செல்ல முடிய வேண்டும் என்பவை வழிகாட்டியின் நிபந்தனைகள். நீளம் 1000, அகலம் 700 என்று நானே அளந்து வைத்துக்கொண்டேன்.

பிரித்துக் கட்ட வேண்டும் என்ற கடைசி நிபந்தனைதான் என்னை அலுமினியத்தின் பக்கம் தள்ளியது. முப்பது ஆண்டுகளாக அந்த ஆய்வகத்தின் எல்லாத் தாங்கிகளையும் பார்த்துவிட்ட உதவியாளர் அண்ணன் இதை ஏற்கவில்லை. “தம்பி, இரும்புச் சதுரக் குழாய வாங்கி வெல்டு அடிச்சுப் பெயின்ட் பூசினா ரெண்டு நாள்ல முடிஞ்சுரும். இது பொம்மை மாதிரி இருக்கு” என்றார். அவர் சொன்னது எவ்வளவு நியாயம் என்பது கணக்குப் போட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒரு பொருள் எவ்வளவு விறைப்பானது என்பதைச் சொல்லும் யங் குணகம் அலுமினியத்துக்கு ஏறத்தாழ 70 ஜிகாபாஸ்கல், எஃகினுடையது 200. அதாவது ஒரே வடிவமும் ஒரே அளவும் உடைய இரண்டு சட்டங்களின் மேல் ஒரே எடையை வைத்தால், அலுமினியம் எஃகைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு தொய்யும். உடைந்துவிடுமோ என்ற அச்சத்துக்கு இங்கே இடமே இல்லை. 62 கிலோ இந்தச் சட்டத்துக்கு ஒரு பொருட்டல்ல. ஆய்வகத் தாங்கியில் கேட்க வேண்டிய கேள்வி எவ்வளவு தொய்கிறது, எவ்வளவு ஆடுகிறது என்பதுதான். கடைக்காரரிடம் போய் “எவ்வளவு வெயிட் தாங்கும்?” என்று கேட்டால் அவர் முந்நூறு கிலோ என்று உற்சாகமாகச் சொல்லுவார், அந்த விடையை வைத்துக்கொண்டு எதையும் வடிவமைக்க முடியாது.

கலத்தின் எடை மேலே உள்ள இரண்டு நீளச் சட்டங்களில் பாதிப் பாதியாக இறங்குகிறது என்று கொள்வோம். ஒவ்வொன்றின் நடுவிலும் 31 கிலோ, தாங்கிகளுக்கு இடையே ஒரு மீட்டர். விற்பனையாளரின் அட்டவணையில் இருந்த குறுக்குவெட்டு மதிப்பைப் போட்டால், நாற்பதுக்கு நாற்பது சட்டம் நடுவில் ஒரு மில்லிமீட்டர் தொய்கிறது. மூன்று மில்லிமீட்டர் கனமுள்ள அதே அளவு இரும்புச் சதுரக் குழாயில் அது 0.3 மில்லிமீட்டர் மட்டுமே. அண்ணன் ஜெயித்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். ஆனால் நாற்பதுக்கு எண்பது சட்டத்தை வாங்கி, எண்பது பக்கம் செங்குத்தாக நிற்கும்படி வைத்தால் தொய்வு 0.14 மில்லிமீட்டராகக் குறைகிறது. அதே சட்டத்தைப் படுக்க வைத்தால் இந்த நன்மையில் பெரும்பகுதி போய்விடும். பொருளின் பலவீனத்தை வடிவத்தின் உயரத்தால் ஈடுசெய்ய முடியும் என்பது முதலாண்டுப் பாடம்தான். ஆனால் கையில் ரசீதை வைத்துக்கொண்டு அதைப் படிக்கும்போது அதற்கு வேறு ஒரு ருசி இருக்கிறது. மேலே உள்ள இரண்டு நீளச் சட்டங்களை மட்டும் நாற்பதுக்கு எண்பதாகவும், மற்ற எல்லாவற்றையும் நாற்பதுக்கு நாற்பதாகவும் முடிவு செய்தேன்.

இனி வாங்கிய கதை. அம்பத்தூர்ப் பக்கம் உள்ள ஒரு விற்பனையாளரிடம் வாங்கினேன். பெயர் வேண்டாம், ஏனென்றால் கீழே வரும் குறைகள் இந்த வியாபாரத்தில் பலரிடமும் இருப்பவை என்று பிறகு பேசியவர்கள் சொன்னார்கள். முப்பரிமாண மாதிரிக் கோப்புகளை மின்னஞ்சலில் இலவசமாக அனுப்பினார்கள். அதற்குத் தனிப் பாராட்டு உண்டு. ஃபிரீகேட் மென்பொருளில் அவற்றை அப்படியே இழுத்துப் போட்டு ஒரே மாலையில் முழுச் சட்டத்தையும் வரைய முடிந்தது. வெட்டு அளவுகளைப் பட்டியலாகக் கொடுத்தால் வெட்டித் தருவார்கள். முனைகளில் மரை வெட்டித் தரவும் தனிக் கட்டணம் உண்டு. வரி உட்பட மொத்தச் செலவு 17,000 ரூபாயைத் தாண்டியது. நான் எதிர்பாராதது அந்தத் தொகை பிரிந்த விதம்: சட்டங்களுக்குப் பாதிதான், மீதிப் பாதி மூலைத் துண்டு, நட், போல்ட், முனை மூடி, சரிமட்டக் கால் என்று சில்லறையாகப் போயிற்று. மீட்டர் விலையை மட்டும் விசாரித்துவிட்டு வழிகாட்டியிடம் முதல் மதிப்பீட்டைக் கொடுத்திருந்தேன். இரண்டாவது மதிப்பீட்டை நீட்டியபோது அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது. இதை வாங்க நினைப்பவர்கள் சட்டத்தின் விலையை இரண்டால் பெருக்கி வைத்துக்கொள்வது நல்லது. இரும்பில் செய்திருந்தால், வெல்டிங் கூலியும் பெயின்ட்டும் சேர்த்தே இதில் பாதிதான் ஆகியிருக்கும்.

பொருள் வந்து இறங்கிய அன்று பார்த்த வரையில் சட்டத்தின் தரத்தில் குறை சொல்ல இடமில்லை. ஆனோடைஸ் செய்த (மின்வேதி முறையில் ஆக்சைடுப் படலம் ஏற்றிய) மேற்பரப்பு மங்கிய வெள்ளி நிறத்தில் சீராக இருந்தது, கீறல்கள் இல்லை, நீளமான துண்டுகளைத் தரைக்கல்லின் மேல் உருட்டிப் பார்த்தபோது வளைவு எதுவும் தென்படவில்லை. மீட்டருக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோதான் என்பதால், மொத்தச் சாமானையும் நானும் இன்னொரு மாணவரும் இரண்டு நடையில் மாடிக்குக் கொண்டுபோய்விட்டோம். அதே அளவு இரும்புக் குழாய் மீட்டருக்கு மூன்று கிலோவைத் தாண்டும்.

குறை வெட்டில் இருந்தது. நான்கு கால்களையும் சமதளக் கல்லின் மேல் நிறுத்தி, பக்கத்தில் மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தேன். மூன்று கால்கள் மட்டத்தோடு ஒட்டி நின்றன. நான்காவது காலுக்கும் மட்டத்துக்கும் இடையே அடியில் ஒளி தெரியவில்லை. மேலே போகப்போக ஒளிக்கீற்று அகன்றது. காலின் அடியில் ஒரு பக்கமாக அச்சுத்தாளைச் செருகிப் பார்த்தேன். இரண்டு தாள்கள் நுழைந்தன, மூன்றாவது நுழையவில்லை. அதாவது 40 மில்லிமீட்டர் அகலத்தில் 0.2 மில்லிமீட்டர் சாய்வு. கேட்பதற்கு ஒன்றுமில்லாததுபோல் இருக்கும். ஆனால் அதே சாய்வு 900 மில்லிமீட்டர் உயரத்துக்குப் போகும்போது நான்கரை மில்லிமீட்டராக வளர்ந்து நிற்கும். மூலைத் துண்டை வைத்துப் போல்ட்டை முறுக்கினால் இந்தக் கோணல் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும், அது உண்மைதான். ஆனால் அது எங்கும் போவதில்லை. சட்டம் தன்னைத்தானே முறுக்கிக்கொண்டு நிற்கும், நான்கு கால்களில் ஒன்று தரையைத் தொடாது, அடுத்த முறை ஒரு போல்ட்டைத் தளர்த்தும்போது எதிர்மூலையில் “டக்” என்று ஒரு சத்தம் கேட்கும்.

தொலைபேசியில் சொன்னபோது, “தம்பி, அரை மில்லி டாலரன்ஸ்னு கொட்டேஷன்லயே போட்டிருக்கோமே” என்று மறுமுனையில் பதில் வந்தது. அவர் சொன்னது சரிதான். ஆனால் அந்த அரை மில்லிமீட்டர் நீளத்துக்கான அனுமதி. வெட்டு எவ்வளவு செங்கோணமாக இருக்க வேண்டும் என்பதைப் பற்றிக் கொட்டேஷனில் ஒரு வரியும் இல்லை, நானும் வரைபடத்தில் கேட்டிருக்கவில்லை. என் வரைபடத்தில் இருந்ததெல்லாம் நீளங்கள் மட்டும். ஆகவே இந்தக் குறையில் பாதியை என் கணக்கில் எழுதிக்கொள்கிறேன். அந்தக் காலைக் கல்லூரிப் பட்டறைக்கு எடுத்துப் போய், மில்லிங் இயந்திரத்தில் அரை மில்லிமீட்டர் சீவி நேராக்கி, மற்ற மூன்றையும் அதே நீளத்துக்குக் கொண்டுவந்தோம். பட்டறை இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்று யோசித்தபின்தான் இந்த விற்பனையாளரின் வெட்டும் சேவைக்கு நான் மதிப்பெண் குறைக்கிறேன். அறுத்த முனைகளில் பிசிறும் எடுக்கப்படவில்லை. அரத்தால் நானே தேய்த்தேன், விரல்களில் இரண்டு வெட்டுக்காயங்களுக்குப் பிறகு.

அடுத்தது நட். நாற்பது அளவுச் சட்டங்களில் இரண்டு குலங்கள் உண்டு என்பதை வாங்குவதற்கு முன் எனக்கு யாரும் சொல்லவில்லை. ஜெர்மனியின் ஐட்டம் நிறுவனத்தின் வழியில் வந்தவற்றுக்குக் காடியின் வாய் 8 மில்லிமீட்டர். அதே நாட்டின் பாஷ் ரெக்ஸ்ராத் வழியில் வந்தவற்றுக்கு 10 மில்லிமீட்டர். இங்கே கிடைக்கும் உள்ளூர்ச் சட்டங்கள் ஏதாவது ஒன்றின் அளவைத்தான் பின்பற்றுகின்றன. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் நாற்பதுக்கு நாற்பதுதான். ஒன்றுக்கான நட் மற்றொன்றில் ஒழுங்காக உட்காராது. நான் வாங்கியது எட்டு மில்லிமீட்டர் காடி. வந்த நட்டுகளில் எட்டு நட்டுகள் மட்டும் பத்து மில்லிமீட்டர் காடிக்கானவை. எப்படிக் கலந்தன என்று தெரியவில்லை. அவை காடிக்குள் நுழையவே இல்லை என்பதால் உடனே தெரிந்தது. இதுவே மறுபுறமாக நடந்து, பத்துக் காடிக்குள் எட்டுக்கான நட் போயிருந்தால், விளிம்பில் பிடித்ததுபோல் பாசாங்கு செய்துவிட்டு, சுமை ஏறும் நாளில் நழுவியிருக்கும்.

பொருத்தும் வேலை இனிமையானது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்த மதிப்புரை நேர்மையாக இருக்காது. ஓர் எல்-கீயும் ஒரு ஸ்பேனரும் போதும். முதல் கூடு இரண்டு மணி நேரத்தில் எழுந்து நின்றது. நட்டுகளில் இரண்டு வகை வாங்கியிருந்தேன். ஒன்று, சட்டத்தின் முனை வழியாக மட்டுமே காடிக்குள் போகக்கூடியது. மலிவு, பிடிப்பு உறுதியானது. மற்றொன்று, காடியின் எந்த இடத்திலும் நேராக இறக்கிவிட்டுப் போல்ட்டை முறுக்கினால் உள்ளே கால்வட்டம் திரும்பிப் பிடித்துக்கொள்வது. விலை அதிகம், வசதி அதிகம். முதல் வகையை மறந்துவிட்டு இரண்டு முனைகளையும் மூடிவிட்டால், ஒரே ஒரு நட்டுக்காகப் பாதிச் சட்டத்தைப் பிரிக்க நேரிடும். எனக்கு அது மூன்று முறை நேர்ந்தது. இரண்டாம் வகையில் வேறொரு பொறி இருக்கிறது: நட் முழுவதும் திரும்பாமல் குறுக்குக்கோணத்தில் நின்றுவிட்டாலும் போல்ட் இறுகியதுபோலவே கைக்குத் தெரியும். போல்ட் தலையில் ஒரு கோடு போட்டு, அது திரும்பிய அளவைப் பார்ப்பதும், மூலைத் துண்டைக் கையால் பிடித்து ஒரு முறை திருகிப் பார்ப்பதும்தான் நம்பகமான வழி. எட்டு மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 20 முதல் 25 நியூட்டன் மீட்டர் முறுக்கு என்பது வழக்கம். முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சை இரவல் வாங்கி அப்படியே செய்தேன். கைக்கணக்கில் முறுக்கியவற்றைப் பிறகு சோதித்தபோது பாதிக்கு மேல் தளர்ந்தே இருந்தன.

இப்போது ஆட்டத்துக்கு வருவோம். நான் அதிகம் கற்றது இங்கேதான். எல்லாப் போல்ட்டுகளும் இறுகியபின் கலத்தைத் தூக்கி மேலே வைத்தோம். தொய்வு கண்ணுக்குத் தெரியவில்லை; கணக்கு பலித்தது. உதவியாளர் அண்ணன் வந்தார், ஒன்றும் பேசவில்லை, ஒற்றை விரலால் சட்டத்தின் மேல்மூலையைப் பக்கவாட்டில் தள்ளிவிட்டு விரலை எடுத்தார். கலத்தின் மேல்மூடியில் வைத்திருந்த குவளைத் தண்ணீரில் அலை எழுந்து, கரைக்கும் கரைக்கும் போய்வந்து, அடங்குவதற்குள் நான் பத்து எண்ணிவிட்டேன். “அதான் சொன்னேன்” என்று கூடச் சொல்லாமல் அவர் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் டயல் கேஜை மேல்மூலையில் பொருத்தி, சுருள்வில் தராசால் 5 கிலோ விசையில் பக்கவாட்டில் இழுத்து அளந்தேன். நகர்வு 1.4 மில்லிமீட்டர். கணினி மாதிரியில் அதே விசைக்கு அரை மில்லிமீட்டர்தான் வந்திருந்தது. இரண்டு நாள் தலையைச் சொறிந்த பிறகு காரணம் புரிந்தது. மாதிரியில் ஒவ்வொரு மூட்டையும் ஒட்டிவைத்த ஒரே பொருளாக எடுத்துக்கொள்ளுமாறு நான்தான் மென்பொருளுக்குச் சொல்லியிருந்தேன். வெல்டிங் செய்த மூட்டுக்கு அது ஓரளவு பொருந்தும். இங்கே மூட்டு என்பது, இரண்டு மெல்லிய காடி விளிம்புகளை ஒரு நட் பிடித்திழுக்க, அதன் மேல் ஒரு வார்ப்பு மூலைத் துண்டு உட்கார்ந்திருப்பது. விளிம்பு வளைகிறது, மூலைத் துண்டு விரிகிறது, ஒவ்வொரு மூட்டிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கீல் உருவாகிறது. சட்டத்தின் விறைப்பைப் பற்றி அட்டவணை பக்கம் பக்கமாகப் பேசுகிறது. மூட்டின் விறைப்பைப் பற்றி ஒரு வரி எழுதுவதில்லை. இந்தப் பொருளின் மேல் என் முதன்மையான புகார் இதுதான், விற்பனையாளர்மேல் உள்ள புகார்களைவிடப் பெரியது.

தீர்வு பழையது: முக்கோணம். நாற்கோணம் மூட்டுகளை நம்பி நிற்கிறது. முக்கோணத்தில் மூட்டு எவ்வளவு தளர்ந்தாலும் பக்கங்கள் நீளவோ குறுகவோ செய்யாமல் வடிவம் மாற முடியாது. பின்பக்கத்தில் மூலைக்கு மூலை ஒரு சாய்சட்டம் கொடுத்தேன். இரண்டு பக்கவாட்டிலும் மூன்று மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டை வைத்து, விளிம்பு நெடுகப் பத்துப் பத்துப் போல்ட்டுகளால் பிடித்தேன். தகடு தன் தளத்திலேயே வெட்டுவிசையைத் தாங்கும்போது சாய்சட்டத்தைவிட விறைப்பாக நிற்கிறது, மின்வழங்கிகளுக்கு மறைப்பாகவும் ஆயிற்று. முன்பக்கம் திறந்திருக்க வேண்டியதால் மேல்மூலைகளில் ஒரு சாண் நீளத்துக்கு இரண்டு முட்டுகள் மட்டும். மறுபடி 5 கிலோ இழுத்தபோது டயல் முள் 0.2 மில்லிமீட்டரில் நின்றது. குவளையை வைத்து விரலால் தள்ளினேன். இரண்டு எண்ணுவதற்குள் தண்ணீர் அடங்கியது. அண்ணன் இந்த முறை இரண்டு விரல்களால் தள்ளிப் பார்த்தார்.

பம்பு இன்னொரு பாடம். சுழல் பம்பின் மோட்டார் நிமிடத்துக்கு 1,440 சுற்று, அதாவது நொடிக்கு 24. அதைச் சட்டத்தின் கீழ்த்தட்டில் வைத்துப் பார்த்தேன். ஓடும்போது தொல்லை குறைவாகவே இருந்தது. நிறுத்தும்போதுதான், சுற்று 24-லிருந்து இறங்கிக்கொண்டே வரும் வழியில் சட்டத்தின் சொந்த அதிர்வெண்ணை (தள்ளிவிட்டால் அது தானாக ஆடும் வேகத்தை) கடக்கும் அந்த ஒரு நொடியில், சட்டம் முழுவதும் நாய் உடம்பை உதறுவதுபோல் ஒரு குலுக்குக் குலுக்கி அடங்கியது. சாய்சட்டமும் தகடும் போட்ட பிறகும் குலுக்கல் குறைந்ததே தவிர மறையவில்லை. கடைசியில் பம்பைச் சட்டத்திலிருந்து இறக்கி, தரையில் ரப்பர் மெத்தையின் மேல் வைத்து, சுருக்கு மடிப்புள்ள உலோகக் குழாயால் கலத்தோடு இணைத்தோம். எல்லாவற்றையும் ஒரே சட்டத்துக்குள் அடக்க வேண்டும் என்ற நிபந்தனை இங்கே உடைந்தது, வழிகாட்டி ஒப்புக்கொண்டார்.

மின்னிணைப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தும். அதன் மேல் இருக்கும் ஆனோடைஸ் படலம் கடத்தாது. சட்டத்தின் ஒரு காலை எர்த்தோடு இணைத்துவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை அந்தக் காலிலும் மறு முனையை எதிர்க்காலின் அறுத்த முனையிலும் வைத்தேன். இணைப்பே இல்லை என்று காட்டியது. உயர் மின்னழுத்த வழங்கி ஒன்று உட்காரப்போகும் சட்டத்தில் இது விளையாட்டல்ல. ஒவ்வொரு தனித்துண்டிலும் ஓரிடத்தில் படலத்தைச் சுரண்டி, பல்லுள்ள வாஷரை வைத்து, பச்சை மஞ்சள் கம்பியால் கோத்துக்கொண்டே போனோம். விற்பனையாளர்கள் இதற்கென்று தனிப் பொருத்துதுண்டு விற்கிறார்கள், நாங்கள் வாங்கவில்லை. இரும்புச் சட்டத்தில், வெல்டிங் மூட்டுகளே கடத்துவதால், இந்த வேலை ஒரே கம்பியோடு முடிந்திருக்கும்.

வெப்பத்தால் நீள்வதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை, லேசர் கதிரை நேராக்கி வைப்பவர்களைத் தவிர. இரவில் குளிர்சாதனத்தை அணைத்து அறை பத்துப் பாகை சூடானால், ஒரு மீட்டர் அலுமினியம் 0.23 மில்லிமீட்டர் நீளும். எஃகு ஏறத்தாழ அதில் பாதி. எங்கள் கலத்துக்கு அது பொருட்டில்லை.

சரிமட்டக் கால்கள் இந்தத் தொகுப்பிலேயே சிறந்த உறுப்பு. பந்துமூட்டும் ரப்பர் அடியும் உள்ளவை. ஆய்வகத்தின் பழைய மொசைக் தரையில் பலகைக்குப் பலகை இருந்த மேடுபள்ளத்தை ரசமட்டத்தை வைத்து அரை மணி நேரத்தில் சமன் செய்துவிட்டோம். ஆனால் அவற்றை அதிகமாக வெளியே இழுத்து விட்டால், கீழே நான்கு மெல்லிய தண்டுகளின் மேல் சட்டம் நிற்பதாகிவிடும், பக்கத்தகடு போட்டுச் சம்பாதித்த விறைப்பில் கொஞ்சம் அங்கே கரையும். இருபது மில்லிமீட்டருக்குள் நிறுத்திக்கொண்டோம்.

ஓராண்டுக்குப் பிறகு, ஆய்வகம் அறை மாறிய வாரத்தில், உதவிக்கு வரச்சொல்லி அழைத்திருந்தார்கள். பொருத்திய நாளில் ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்து மூலைத் துண்டுவரை சிவப்பு மார்க்கரால் ஒரு கோடு இழுத்து வைத்திருந்தேன். பெரும்பாலான கோடுகள் அப்படியே இருந்தன. நான்கில் மட்டும் கோடு முறிந்து விலகியிருந்தது, நான்கும் பம்பின் குழாய் வரும் பக்கத்தில். பிரிக்க ஒரு மணி நேரம், புதிய அறையில் கட்ட மூன்று மணி நேரம். புதிய அறையில் இன்னொரு மின்வழங்கிக்கு இடம் வேண்டுமென்று வழிகாட்டி கேட்டார். அகலவாட்டுத் துண்டுகளை மட்டும் 900 மில்லிமீட்டருக்கு மாற்றி, பக்கத் தகடுகளைப் புதிதாக வெட்டினோம். மற்றதெல்லாம் பழையது. வெல்டிங் செய்த சட்டமாக இருந்திருந்தால் அதை அறுத்துப் பழைய இரும்புக்குத்தான் போட்டிருக்க வேண்டும். ஒரே ஒரு சேதம்: காலின் அடியில் அலுமினியத்திலேயே வெட்டிய மரை ஒன்று திரும்பத் திரும்பக் கழற்றியதில் தேய்ந்துபோய், அதற்குள் எஃகுச் சுருளைச் செருக வேண்டியதாயிற்று.

ஆகவே, அளவு ஒருபோதும் மாறாத, ஓரிடத்திலேயே நிற்கப்போகும், பாரமான கருவிக்குத் தாங்கி செய்பவர் அண்ணன் சொன்னபடி இரும்புச் சதுரக் குழாயை வாங்கி, நம்பகமான வெல்டிங் பட்டறையில் கொடுப்பதே மேல்; விலையும் பாதி, விறைப்பும் கூடுதல். கருவியே இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிறது, அல்லது வடிவமைப்பவர் என்னைப்போல் முதல் முறை தவறு செய்யப்போகிறவர் என்றால், அலுமினியச் சட்டத்துக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் தகும். நான் சாய்சட்டத்தை மறந்த தவறை ஒரு மாலை நேரத்தில் திருத்த முடிந்தது அதனால்தான். சட்டத்துக்கும் கால்களுக்கும் ஐந்துக்கு நான்கரை கொடுப்பேன். மூலைத் துண்டுக்கு மூன்று. வெட்டும் சேவைக்கு இரண்டு, வரைபடத்தில் “முனைகள் செங்கோணமாக, 40 மில்லிமீட்டருக்கு 0.05-க்குள்” என்று எழுதிக் கேட்டு, இரண்டாம் முறை 900 மில்லிமீட்டர் துண்டுகளை வாங்கியபோது அவை சரியாகவே வந்தன என்பதால் இரண்டரையாக்கிக்கொள்ளலாம். அந்தப் பார்சலோடு மாற்றித் தருவதாகச் சொல்லியிருந்த எட்டு நட்டுகள் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.